மதிப்பெண் இல்லாத கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பகுதிக் கல்லூரி ஒன்றின் தொழில்முனைவோர் மையத்தில் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் குழுவில் நானும் இருக்கிறேன். வங்கியில் 31 வருடம் கடன் மனு படித்தவன் என்பதால் கூப்பிட்டார்கள். இந்த முறை வந்தவை 43.

பெரும்பாலானவை ஒரே ஆள் எழுதியது போல இருந்தன. ஐந்து வருட வருமானக் கணக்கு, சந்தை மதிப்பு, வண்ண வரைபடம். காசு கொடுத்து எழுதி வாங்குகிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். படிவம் கேட்பதே அதைத்தான்.

அரவக்குறிச்சிப் பக்கத்துப் பெண் ஒருவர் முருங்கை இலைப் பொடி தயாரிக்க விண்ணப்பித்திருந்தார். காயவைக்கும்போது நேர் வெயில் பட்டால் இலையின் பச்சை வெளுத்துவிடும். அதனால் வெயிலில் வைத்த கண்ணாடிப் பெட்டியில் காற்றைச் சூடாக்கி, நிழலில் அடுக்கிய தட்டுகளுக்கு அனுப்ப வேண்டும். ‘வேறு தகவல்’ என்ற கடைசிக் கட்டத்தில் மட்டும் பேனாவால் அவரே எழுதியிருந்தார்: “கண்ணாடிக்குப் பணம் இல்லை. பஸ் பாடி கட்டும் பட்டறையில் கழற்றிப் போட்ட ஜன்னல் கண்ணாடி 14 வாங்கினேன். பதிலுக்கு இரண்டு மாதம் ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுத்தேன்.”

கரூரில் பஸ் பட்டறைக்குப் பஞ்சமில்லை. சுவரில் சாய்ந்து கிடக்கும் அந்தக் கண்ணாடிகளை நானும் எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். எனக்குத் தோன்றவில்லையே!

அந்தக் கட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது. அவர் தேர்வாகவில்லை. மனசு கேட்காமல் போன வாரம் நேரில் போனேன். உலர்த்தி நன்றாகவே ஓடுகிறது. ஒரு கண்ணாடியில் ‘அவசர வழி’ என்ற சிவப்பு எழுத்து இன்னும் அழியவில்லை.

புதுத் தொழில்களுக்குப் பணமும் வழிகாட்டலும் தர அமெரிக்காவில் 2005-ல் தொடங்கிய ஒய் காம்பினேட்டர் நிறுவனம், கம்ப்யூட்டர் தவிர்த்த ஏதாவது ஒரு ஏற்பாட்டைச் சாமர்த்தியமாக உங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்ட அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று விண்ணப்பத்திலேயே கேட்டது. வீடு, அறைகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் இணையதளமான ஏர்பிஎன்பியின் நிறுவனர்கள் 2008 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்தில் வேட்பாளர்கள் ஒபாமா, மெக்கெய்ன் பெயரில் காலை உணவுத் தானிய டப்பாக்களைத் தாங்களே ஒட்டி, ஒன்று 40 டாலருக்கு விற்று, சுமார் 30,000 டாலர் சேர்த்தவர்கள். அவர்களுடைய தொழில் யோசனை ஒய் காம்பினேட்டர் நிறுவனர்களில் ஒருவரான பால் கிரகாமுக்குப் பிடிக்கவில்லை. டப்பா கதையைக் கேட்டுத்தான் சேர்த்துக்கொண்டார்.

எங்கள் மையத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்ற கல்லூரிகளையும் கேட்டுக்கொள்கிறேன்: ‘கையில் இல்லாததை எப்படிச் சமாளித்தீர்கள்?’ என்ற கேள்வியை முதல் பக்கத்தில் வையுங்கள். வருமானக் கணக்குக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை அதற்கும் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம் என்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்,
கரூர்.