தேயிலைத் தோட்ட நலன்புரிச் சங்கத்தின் செயலாளர் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போஷகர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் அங்கத்தவர்களே,

"வந்திருக்கும்" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சங்கப் பதிவேட்டில் 112 பேர் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) இப்போது நான் எண்ணிப் பார்த்தது 31. அதிலும் நாலு பேர் தேத்தண்ணிக்கும் பிஸ்கட்டுக்கும் வந்த சின்னப் பிள்ளைகள். சரி, இருப்பவர்களுக்காவது வாசித்துவிடுகிறேன்.

டிசம்பரில் நடக்க வேண்டிய பொதுக்கூட்டம் டித்வா புயலால் தள்ளிப்போனது எல்லோருக்கும் தெரியும். பாதையில் மண் சரிந்து கிடக்கும்போது கூட்டம் கூட்டவில்லை என்று என்மேல் குறை சொன்னவர்கள், பாதை திறந்த பிறகும் இன்று வரவில்லை.

தைப்பொங்கல் கோயிலடியில் நடந்தது. சிவராத்திரிக்குக் கண் விழித்தோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த இரண்டு பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பை கொடுத்தோம். ஆடித் திருவிழாவுக்கு வழக்கம்போல் பந்தல் போட்டோம். கிரிக்கெட் போட்டி மழையால் பாதியில் நின்றது. கிண்ணம் என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. மரண உதவி ஆறு குடும்பங்களுக்கு வழங்கப்பட்டது. மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்பு நம் லயங்களுக்கு, இந்த வரிசை வீடுகளுக்கு, வந்து கைகூப்பியவர்கள் பலர். அவர்களைப் பற்றி எழுத இந்த அறிக்கையில் இடமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூன் மாதம் ஒரு காலை, கீழ்ப் பிரிவைச் சேர்ந்த இருபத்து நாலு வயதுத் தம்பி மாட்டுக்குப் புல்லறுக்கப் போனார். தோட்டம் கைவிட்ட பழைய மலை அது. முன்பு கொழுந்து எடுத்த இடம், இன்று தேயிலை ஆள் உயரம் தாண்டி, மானாப் புல்லும் கொடியும் ஏறிக் காடாகிவிட்டது. பன்றிகள் அங்கேதான் குட்டி போடுகின்றன. இரவில் லயத்துக் கோடிவரை இறங்கி, மரவள்ளிப் பாத்தியையும் வற்றாளைக் கொடியையும் கிண்டிப் போட்டுவிட்டுப் போகின்றன. ஒரு போகத்துப் பாடு ஒரே இரவில் போனால் மனிதனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். என் வீட்டுப் பாத்தியும் அப்படிப் போனதுதான். அந்தக் கோபத்தில் யாரோ கட்டிய கட்டுத்துவக்கு, அதாவது பொறித் துப்பாக்கி, பன்றிக்குப் பதிலாக அந்தத் தம்பியின் காலை எடுத்தது.

கட்டுத்துவக்கு எப்படி இருக்கும் என்று தெரியாத பெண்களும் இங்கே இருக்கலாம். இரும்புப் பைப் ஒன்றை ஒரு பக்கம் அடைத்து, வெடிமருந்தும் ஈயத் துண்டும் திணித்து, இரண்டு கவைக் குச்சியில் கிடையாக வைத்துக் கட்டுவார்கள். பன்றியின் நெஞ்சுக்கு நேராக வைப்பது கணக்கு. பன்றியின் நெஞ்சு நம்முடைய முழங்கால். தடத்துக்குக் குறுக்கே மெல்லிய கம்பி ஓடும். கால் பட்டால் வெடிக்கும். கட்டியவர் அப்போது வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். பயிரைக் காப்பாற்றக் கட்டுவதாகச் சொல்வதிலும் பாதிதான் உண்மை. இறைச்சியைக் கிலோக் கணக்கில் வாங்கித் தின்றவர்கள் நாமும்தான்.

தம்பியைக் கம்பளியில் கட்டி, நாலு பேர் மாறி மாறித் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவர ஐம்பது நிமிடம் ஆனது. உயிர் பிழைத்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு வெட்கம். வாரக்கணக்கில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "தெரியாது" என்பதே எல்லா லயத்திலும் பதில். கட்டியவர் யாருக்கோ அண்ணன், யாருக்கோ மச்சான். பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆட்கள் கட்டியது என்று நம்மவர்கள் சொன்னார்கள். தோட்டத்து ஆட்கள் கட்டியது என்று அவர்கள் சொன்னார்கள். செயற்குழுவிலும் பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் முடிவானது. அந்த முடிவுக்கு நானும் கை தூக்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்புறம், பொலிஸுக்குப் போனது செயலாளர்தான் என்று ஒரு கதை ஓடுகிறது. வெடிக்காயத்தோடு ஆள் வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்தே பொலிஸுக்குப் போய்விடும். அதற்கு நான் தேவையில்லை.

பேசியது இளம்பிள்ளைகள்தான். ஜூலைக் கூட்டத்துக்கு அழைக்காமலே பன்னிரண்டு பேர் வந்து, இதே காம்பராவின் பின்பக்கம் நின்றார்கள். பாதிப் பேர் உயர்தரம் படிப்பவர்கள், மற்றவர்கள் கொழும்பில் கடைகளில் வேலை செய்து லீவில் வந்தவர்கள். முதலில் பழைய தலைவர் ஒருவர் எழுந்து, தோட்டத்து ஆளுக்குத் துவக்கு புதிதா என்று கேட்டார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்ததையும், 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணிப் போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டதையும் சொன்னார். நல்ல பேச்சு. வருடா வருடம் நாம் அவர்களுக்கு விளக்கேற்றுகிறோம். முல்லோயாவுக்கு விசாரணை ஆணைக்குழுவும் வைத்தார்கள்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு மாணவி, 7ஆம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கும் அம்மாவின் மகள், கேட்டாள்: "அதெல்லாம் சுட்டது யாருன்னு தெரியும் மாமா. பெப்ரவரியில கொழும்புல நீதிமன்றத்துக்குள்ளயே ஒருத்தரைச் சுட்டாங்க. வக்கீல் மாதிரி உடுத்திக்கிட்டு, புத்தகத்துக்குள்ள துவக்கை வச்சுக் கொண்டுபோனாங்க. டீவியில ஒரு வாரம் அதுதான். சுட்டவனுக்கு ஒரு முகம் இருந்துச்சு. நம்ம மலையில சுடுறதுக்கு ஆளே இல்லையே, அப்போ யாரைப் பிடிப்பாங்க?" கூட்டத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை. அறிக்கைப் புத்தகத்தில் நானும் "கருத்துப் பரிமாறப்பட்டது" என்றுதான் எழுதினேன்.

இன்னொரு பையன் மார்ச் 15ஆம் திகதிக் கணக்கெடுப்பை நினைவூட்டினான். காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கும் மந்தியும் மர அணிலும் மயிலும் எண்ணினோமே, அதில் காட்டுப்பன்றி இல்லை என்றான். நம்மைக் கெடுக்கும் மிருகமும் கணக்கில் இல்லை, அதற்கு வைத்த துவக்கில் அகப்படும் மனிதனும் கணக்கில் இல்லை. அந்த வார்த்தையைப் பிறகு நான் மனுவில் போட்டுக்கொண்டேன். அனுமதி கேட்காமல் போட்டதற்கு அவன் மன்னிக்க வேண்டும்.

ஆகஸ்டில் கோயிலடியில் வீதி நாடகம் போட்டார்கள், தமிழில் ஒரு தடவை, கீழ்க் கிராமத்து விகாரை முன்பாகச் சிங்களத்தில் ஒரு தடவை. விகாரையடியில் நம்மைவிடக் கூட்டம் அதிகம்.

நாடகத்துக்கு முன்பு எனக்கும் அந்த மாணவிக்கும் ஒரு வாக்குவாதம். அமெரிக்காவில் 2018 பெப்ரவரி 14ஆம் திகதி புளோரிடா மாநிலத்தில் பார்க்லாண்ட் என்ற ஊர்ப் பாடசாலையில் 17 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அடுத்த மாதம் 24ஆம் திகதி அந்தப் பாடசாலைப் பிள்ளைகளே வாஷிங்டனில் பெரிய ஊர்வலம் வைத்தார்கள். எம்மா கொன்சாலஸ் என்ற மாணவி மேடையில் கொஞ்சம் பேசிவிட்டு மௌனமாக நின்றார். பேச்சும் மௌனமும் சேர்ந்து 6 நிமிடம் 20 விநாடி. அங்கே சூடு நடந்து முடிந்த நேரம் அது. நம் மாணவி இதைப் போனில் பார்த்துவிட்டு, நாமும் நிற்க வேண்டும் என்றாள். மைக் செட்டுக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பதா என்று நான் கேட்டேன். நியாயமான கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் சொன்னது: "அண்ணனை ரோட்டுக்குத் தூக்கிட்டு வர ஐம்பது நிமிசம் ஆச்சு. பத்து நிமிசத்துக்கு ஒரு நிமிசம் நிப்போம் மாமா. அஞ்சே அஞ்சு நிமிசம்."

நின்றோம். கால் போன தம்பி முன்வரிசையில் கதிரையில் இருந்தார், ஊன்றுகோல் மடியில். முதல் நிமிடம் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள். எங்கோ ஒரு கைக்குழந்தை அழுதது, ஸ்டோர் பக்கம் லொறி ஒன்று ஏறியது. மூன்றாவது நிமிடத்தில் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு லயத்துப் பக்கம் நடந்தார். யார் என்று எல்லோரும் பார்த்தோம். இங்கே எழுதப் போவதில்லை.

செப்டெம்பரில் அவர்கள் வைத்த ஏற்பாட்டைத்தான் சிலர் பெரிய குற்றமாகச் சொல்கிறார்கள். பொலிஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டு, முனியாண்டி கோயில் மரத்தடியில் மூன்று இரவு துவக்குகளைக் கொண்டுவந்து வைக்கலாம், காவல் இருக்க மாட்டோம், பேர் கேட்க மாட்டோம் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னார்கள். நான் நம்பவில்லை. முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஒரு சுருள் கம்பியும் ஒரு செத்த கோழியும் கிடந்தன. கோழி எதற்கென்று இன்னும் விளங்கவில்லை. மூன்றாம் நாள் விடிய, உரச் சாக்கில் சுற்றி மூன்று துவக்குகள்.

சாக்கை அவிழ்த்தது நான்தான். ஒன்றின் பைப்பில், துருவுக்கும் கரிக்கும் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு நீல வர்ணம். அதன்மேல் வெள்ளையில் 14.

அந்த 14 என் கையெழுத்து. குடிநீர்த் திட்டம் நான் செயலாளராக வந்த பிறகு செய்த வேலை என்பதை ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஊற்றிலிருந்து தொட்டிவரை போட்ட ஒவ்வொரு பைப்புக்கும், திருட்டுப் போகக்கூடாதென்று, நானே உட்கார்ந்து வர்ணம் பூசி நம்பர் எழுதினேன். சென்ற ஆண்டறிக்கையில் "இரண்டு பைப்புகள் காணாமற் போயின, மேல் பிரிவின் வேலையற்ற சில இளைஞர்கள் பொதுச் சொத்தின் அருமையை உணர வேண்டும்" என்று எழுதியிருந்தேன். அந்த இளைஞர்கள்தான் அன்று என் பக்கத்தில் நின்று சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நம்பரைப் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். ஒருவன், "தண்ணி வரல்லைன்னு ஆறு மாசம் எங்களைத் திட்டினீங்களே மாமா" என்றான். அவ்வளவுதான்.

சென்ற ஆண்டறிக்கையின் அந்த வரியை இந்தச் சபை முன்பாக மீளப் பெறுகிறேன். கூட்டக் குறிப்பில் பதியும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று துவக்குகளும் பொலிஸில் ஒப்படைக்கப்பட்டன. பைப்பைத் திருப்பிக் கேட்க முடியாது என்பதால் சொத்துப் பட்டியலில் அது "இழப்பு" என்றே நிற்கும். பன்றிக்கு வேலி கேட்டும், கைவிட்ட மலையைத் துப்புரவு செய்யக் கேட்டும் 204 கையொப்பங்களோடு மனுக் கொடுத்தோம். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தித் தந்தார்கள். முத்திரை தெளிவாக இருக்கிறது. வேறு பதில் இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. அவர் வரவில்லை. சுருக்கமாகச் சொன்னால், வரவைவிடச் செலவு கொஞ்சம் கூட, மிச்சத்தைத் தலைவரும் நானும் கையிலிருந்து போட்டோம். மைக் வாடகைபற்றிக் கேட்பவர்களுக்கு, பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது, மௌனமாக நின்ற ஐந்து நிமிடமும் அதில் அடக்கம். மாதச் சந்தா நூறு ரூபாய். 112 பேரில் ஒழுங்காகக் கட்டியவர்களை இரண்டு கை விரலில் எண்ணிவிட்டு, ஒரு கையால் தேத்தண்ணியும் குடிக்கலாம். 2025இல் நாள் சம்பளம் 1,350 ரூபாய், அதில் நூறு பெரிய காசுதான், நானும் அதே செக்ரோலில் (வேலை வரவுப் பதிவேட்டில்) பேர் வாங்குகிறவன். 2026 ஜனவரி முதல் கொடுப்பனவும் சேர்த்து 1,750 என்று வரவுசெலவுத் திட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். கையில் கூடுவது கொஞ்சம் சங்கப் பக்கமும் திரும்பும் என்று நம்புகிறேன்.

கோயில் பரிபாலன சபைக்கும், விகாரை விகாராதிபதிக்கும், கம்பளி கொடுத்த வீட்டுக்கும், தோட்ட நிர்வாகத்துக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி வெளிப்படையாகப் பேசுகிறேன். நாடகம் போட்ட பிள்ளைகளில் பாதிப் பேர் கொழும்புக்குத் திரும்பிவிட்டார்கள், அந்த மாணவிக்கு இந்த வருடம் பரீட்சை. கால் போன தம்பிக்குச் செயற்கைக் கால் பொருத்தக் காசு சேர்க்க வேண்டும். எனக்கும் வயது ஐம்பத்தாறு. செயலாளர் பதவியில் நீடிக்கும் எண்ணம் இல்லை. வேறு ஆள் முன்வராவிட்டால் யோசிக்கலாம்.

கடைசியாக ஒன்று. காணாமற் போன பைப்புகள் இரண்டு என்று சொன்னேன். வந்தது 14. மற்றது 15, அதே நீலம், அதே கையெழுத்து. வைத்திருப்பவர் இந்தக் காம்பராவில் இருந்தாலும் சரி, வராத 85 பேரில் ஒருவராக இருந்தாலும் சரி, மரத்தடி அங்கேயேதான் இருக்கிறது. பேர் கேட்க மாட்டேன். சந்தா பாக்கியும் கேட்க மாட்டேன்.

இவ்வண்ணம்,
செயலாளர்