ஜனவரி 14 வேண்டாம், மாசியில் கூடுவோம்: டெல்டா ஒன்றுகூடலை ஏற்று நடத்தும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். டெல்டா மாவட்டங்களில் உள்ள நம் எம்.இ.ஜி. (ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) முன்னாள் படைவீரர் குடும்பங்கள் அனைத்தையும் வரும் ஜனவரி 14 அன்று தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டி, சிறப்பு விருந்தினர், பொன்னாடை, படாகானா (எல்லோரும் சேர்ந்து உண்ணும் பட்டாளத்துப் பெருவிருந்து) என்று பெரிய விழாவாக நடத்தலாம் என நீங்கள் அனுப்பியிருந்த திட்டத்தை இரண்டு முறை படித்தேன். சங்கப் பொறுப்பை ஏற்றுக்கொள்ள ஆளில்லாமல் இருந்த நேரத்தில் நீங்களாக முன்வந்தது எங்களைப் போன்ற மூத்தவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உள்ளன. அவை உங்களோடு முடியும் விஷயங்கள் அல்ல. மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் சீர்காழியிலும் இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் பொருந்தும் என்பதால் எல்லோரும் படிக்கும்படியாக எழுதுகிறேன்.

முதலில் தேதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபீல்ட் மார்ஷல் கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்ற நாள் ஜனவரி 14 என்பதால் அது முன்னாள் படைவீரர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த நாள் நம் ஊரில் போகியாகவோ பொங்கலாகவோ இருக்கும். சம்பா அறுவடைக்கு இயந்திரம் எந்த நாளில் வரும் என்று களத்திலேயே காத்துக் கிடக்கும் நேரமும் அதுவே. நம்மவர்களில் பாதிப்பேர் பென்ஷனோடு வயலையும் பார்ப்பவர்கள். மீதிப்பேரின் பிள்ளைகள் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வீட்டுக்கு வந்திருப்பார்கள். அன்றைக்குத் தஞ்சாவூருக்கு வா என்றால் யார் வருவார்கள்? அதிகாரபூர்வமாக நடக்கும் நிகழ்ச்சிகளுக்குச் சங்கத்தின் சார்பில் இரண்டு மூன்று பேர் மெடல் அணிந்து போய் வரட்டும். நம் படை நாளான செப்டம்பர் 30-ம் சரிப்படாது. 1780-ல் நம் படை தொடங்கப்பட்ட நாள் என்ற சிறப்பு இருந்தாலும், குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒன்றாக நெருக்கும் காலம் அது. நெல்லை விற்றுக் கையில் பணம் வந்து, உளுந்தும் பயறும் வயலில் தானாக வளர்ந்துகொண்டிருக்கும் மாசி மாதம்தான் டெல்டாக்காரன் ஓய்வாக உட்காரும் மாதம்.

தேதியை மாற்றுவது எளிது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. ஒன்றுகூடல் என்பது நமக்கிடையே தொடர்பு இருப்பதன் அடையாளமே தவிர, தொடர்பை உண்டாக்கும் கருவி அல்ல. விழாவுக்கு வருபவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். டவுனில் இருப்பவர், வண்டி ஓட்டத் தெரிந்தவர், கைப்பேசியில் செய்தி படிப்பவர், பென்ஷன் ஒழுங்காக வருபவர், அதாவது சங்கம் இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளக் கூடியவர். சங்கம் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு அழைப்பிதழே போய்ச் சேராது. அவர்களைத் தேடிப் போகும் தொண்டர்கள்தான் முதல் வேலை. விழா அதற்குப் பின்னால் வரட்டும்.

வராதவர்களில் முதலில் நிற்பவர்கள் விதவைகள். கணவர் இருக்கும்வரை ரெக்கார்ட் ஆபீஸ் (படையின் ஆவண அலுவலகம்) கடிதம், டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை எல்லாம் அவருடைய தகரப் பெட்டியில் இருந்தன. அவர் போன பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து படித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. பழைய பென்ஷன் ஆணைகள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதி இருக்காது. சிலவற்றில் பெயரே சேர்க்கப்பட்டிருக்காது. ரெஜிமென்ட் கிளார்க் 'கமலா' என்று எழுதி வைத்ததும், ஆதாரில் 'கமலாம்பாள்' என்று இருப்பதும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்க அந்த அம்மாள் எத்தனை படிகள் ஏற வேண்டியிருக்கிறது என்பதை, கிளார்க்காகவே பணியாற்றிய எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 80 வயது நிறைந்தால் ஓய்வூதியத்திலும் குடும்ப ஓய்வூதியத்திலும் 20 விழுக்காடு கூடும். 85-ல் அது 30 விழுக்காடு, 90-ல் 40, 95-ல் 50, 100 வயதில் ஓய்வூதியம் இரட்டிப்பாகும். பிறந்த தேதி பதிவில் இல்லாத பெண்ணுக்கு இந்தக் கூடுதல் தொகை தானாக வந்துவிடாது. அலுவலகம் ஏற்கும் ஆவணத்தோடு யாராவது எழுதிப் போட்டால்தான் நடக்கும். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில், பசந்தர் ஆற்றுப் பகுதியில் கண்ணிவெடி வயல்களுக்கு நடுவே டாங்கிகளுக்கு வழி திறந்த 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் நம்முடையது. அன்று 25 வயதில் இருந்தவர்கள் இன்று எண்பதைத் தொட்டிருக்கிறார்கள். அவர்களின் மனைவியர் ஒவ்வொருவராக அந்த வயதை நெருங்குகிறார்கள். இந்த ஒரு வேலையைச் சங்கம் ஒழுங்காகச் செய்தாலே போதும், பொன்னாடைக்கான செலவைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்து, பதினைந்து ஆண்டு நிறைவதற்குள் வெளியே வந்தவர்கள். சிப்பாய் நிலையில் ஓய்வூதியம் பெறப் பொதுவாக 15 ஆண்டுப் பணி வேண்டும். உடல்நிலை, குடும்பச் சூழல், அப்பா இறந்து நிலத்தைப் பார்க்க ஆளில்லாத நிலை என்று ஏதோ ஒரு காரணத்தால் ஏழு எட்டு ஆண்டுகளில் திரும்பியவர்கள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். நம் பட்டியல்கள் எல்லாம் பென்ஷன் வாங்குபவர்களிடமிருந்தே தொடங்குவதால் இவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. ஓய்வூதியம் இல்லாமல் 65 வயதைக் கடந்த, ஹவில்தார் வரையிலான முன்னாள் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் கேந்திரிய சைனிக் போர்டின் (மத்திய அரசின் படைவீரர் நல வாரியம்) மாத உதவி உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த மனிதரோ, "நான் முழு சர்வீஸ் பண்ணாதவன், எனக்கு என்ன உரிமை" என்று கூச்சப்பட்டு ஒதுங்கியிருப்பார்.

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் விஷயமும் அப்படியே. 2003 ஏப்ரலில் அந்த மருத்துவத் திட்டம் வந்தபோது, சேருவதற்குப் பெரிய தொகை கட்ட வேண்டும் என்று நினைத்து விட்டுவிட்ட மூத்தவர்கள் உண்டு. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குச் சந்தா விலக்கு என்பது அவர்கள் காதுக்குப் போகவே இல்லை.

ஆட்களைக் கண்டுபிடிப்பதில் நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று இருப்பதையும் நினைவில் வையுங்கள். 1965-ல் சேர்ந்த சீர்காழிக்காரரின் ஆவணத்தில் மாவட்டம் தஞ்சாவூர் என்றுதான் இருக்கும். 1991-ல் அவர் நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர் ஆனார். 2020 டிசம்பர் முதல் மயிலாடுதுறை மாவட்டத்துக்காரர். நன்னிலத்தில் பிறந்தவர் 1997 முதல் திருவாரூர் மாவட்டம். வீட்டைவிட்டு ஓரடி நகராமலே இத்தனை மாவட்டம் மாறியவர்களை மாவட்டவாரியாகத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். ஊர் பெயரையும் அஞ்சலகத்தையும் வைத்தே தேட வேண்டும். கிராமத்துத் தபால்காரரைவிட இதற்கு உதவக்கூடியவர் வேறு யாருமில்லை. எந்த வீட்டுக்கு ரெக்கார்ட் ஆபீஸ் கவர் வரும் என்பது அவருக்கு மனப்பாடம்.

தொண்டர்களைப் பற்றி இனிச் சொல்கிறேன். ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு மேல் கொடுக்காதீர்கள்; அதுவும் அவர் சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்துக்குள் இருக்கட்டும். நாற்பது ஊர்களை ஒருவர் தலையில் கட்டினால் முதல் மாதம் எல்லா வீட்டுக்கும் போவார், மூன்றாம் மாதம் ஒரு வீட்டுக்கும் போக மாட்டார். தொண்டர் எம்.இ.ஜி.காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை; பக்கத்துத் தெருவில் வெலிங்டனில் பயிற்சி பெற்ற மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் இருந்தால் அவரையே கேளுங்கள், அவருடைய ஆட்களை நம் தொண்டர் பார்த்துக்கொள்ளட்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்களைச் சேருங்கள். கணவரை இழந்த பெண் தன் வங்கிக் கணக்கைப் பற்றியும் மகன் பணத்தை வாங்கிக்கொள்வதைப் பற்றியும் மீசை வைத்த ஹவில்தாரிடம் பேச மாட்டார். இன்னொரு பட்டாளத்தார் மனைவியிடம் பேசுவார். நம் சங்கத்தின் செயற்குழுவில் இன்று வரை ஒரு பெண் பெயரும் இல்லாதது எனக்கு நியாயமாகப் படவில்லை. பதவிப் பெயர்களை வாரி வழங்குவதற்குப் பதிலாகத் தொண்டருக்குப் பெட்ரோல் செலவைக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பணத்தைக் கேட்கக் கூச்சப்பட்டே விலகிப் போனவர்கள் அதிகம்.

வேலைக்கும் ஒரு காலக் கணக்கு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலும் நவம்பரில், வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். நமக்கு அது ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலம். வெண்ணாற்றங்கரைச் சாலைகளில் எண்பது வயதுக்காரரைப் பின்னால் உட்கார வைத்து வண்டி ஓட்ட முடியாது. ஆகவே புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை போய், ஸ்பர்ஷில் (ராணுவ ஓய்வூதியத்துக்கான இணையதளம்) பதிவான கைப்பேசி எண் இன்னும் அவரிடம்தான் இருக்கிறதா, ஆதாரில் பெயர் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வைத்துவிட வேண்டும். எண் மாறியிருந்தால் ஓடிபி யாரோ ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கும். நவம்பரில் தொண்டரே கைப்பேசியோடு வீட்டுக்குப் போகலாம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை விழாத தொல்லை, 2021-ல் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் வசதி வந்த பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: தொண்டர் யாருடைய கடவுச்சொல்லையும் குறித்து வைக்கக் கூடாது, ஓடிபியைத் தொலைபேசியில் கேட்கக் கூடாது. "சங்கத்திலிருந்து பேசுகிறோம்" என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைக்க வேண்டும். பென்ஷன்காரர்களைக் குறிவைக்கும் மோசடிக்காரர்கள் இந்த வார்த்தைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பட்டியல் எல்லாம் கைப்பேசிக் குழுவிலேயே இருக்கிறது, நோட்டு எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை ஏறியதை மறந்துவிடாதீர்கள். மின்கம்பங்களும் கோபுரங்களும் சாய்ந்து, பேராவூரணிப் பக்கமும் வேதாரண்யம் பக்கமும் யார் இருக்கிறார், யார் வீடு போய்விட்டது என்று நாட்கணக்கில் தெரியாமல் இருந்தது. அதே மாதத்தில்தான் வாழ்வுச் சான்றும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் பயன்படுவது காகிதத்தில் இருக்கும் பட்டியல். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து வீடுகளில் மொய் நோட்டைப் பார்த்திருப்பீர்கள். ஊர், பெயர், தொகை எல்லாம் தலைமுறை தாண்டியும் பிசகாமல் இருக்கும், வெள்ளம் வந்தால் முதலில் பரணில் ஏறுவதும் அதுவே. நம் பதிவேடும் அப்படி இருக்க வேண்டும். படை எண், பதவி, ஊர், அஞ்சலகம், மனைவி பெயர், அவருடைய பிறந்த தேதி, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய பக்கத்து வீட்டு எண், இவ்வளவு போதும். தாலுகாவுக்கு ஒரு பிரதி இருக்கட்டும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் வேண்டாம்.

இனி ஒன்றுகூடலுக்கு வருகிறேன். தஞ்சாவூரில் ஒரே பெரிய கூட்டம் என்பதை விட்டு, கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, மயிலாடுதுறை என்று நான்கு இடங்களில், மாசி ஞாயிறுகளில் ஒவ்வொன்றாக வைத்தால் எந்த முதியவரும் ஒரே பேருந்தில் வந்து இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். மாசியில் முகூர்த்தம் அதிகம் என்பதால் மண்டப வாடகையும் அதிகம். பேருந்து நிலையத்துக்கு அருகில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள், மாடி ஏறாமல் உட்கார இடமும் கழிப்பறையும் இருந்தால் போதும். சிறப்பு விருந்தினர் வேண்டாம். அவர் வரத் தாமதமாகும், வந்த பிறகு அவருக்காகப் பேசுவார்கள், சர்க்கரை நோயாளிகள் இரண்டு மணி வரை பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயர்களைப் படை எண்ணோடும் ஊரோடும் வாசித்து மௌனம் காத்துவிட்டு, நேராகப் பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடலாம். ஒரு மூலையில் மடிக்கணினியோடு இரண்டு மேசைகள் போட்டு, ஸ்பர்ஷும் ஈசிஎச்எஸ்ஸும் தெரிந்த பிள்ளைகளை உட்கார வைத்தால் அன்றைய கூட்டமே அங்கேதான் இருக்கும். படாகானாவில் ஆபீசரும் சாபும் (சுபேதார் நிலையில் உள்ளவர்) சிப்பாயும் ஒரே வரிசையில் உட்காரும் வழக்கத்தை இங்கேயும் விடாதீர்கள். விதவைகளுக்குத் தனி மூலை ஒதுக்குவது மட்டும் கூடாது, அவரவர் கணவரின் பேட்ச்காரர்களோடு அவர்கள் உட்காரட்டும். கணவர் மலைப்பகுதியில் பாலம் கட்டிய கதையை அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாகக் கேட்கும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்காக மட்டுமே ஒன்றுகூடலை நான் ஆதரிக்கிறேன்.

இளையவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் தரைப்படையில் சேர்ந்த முதல் பிள்ளைகள் 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போனார்கள். நான்கு ஆண்டு முடிந்து, நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படாதவர்கள் இருபதுகளிலேயே, பென்ஷன் இல்லாமல் ஊருக்குத் திரும்புவார்கள். அந்தத் திட்டம் சரியா தவறா என்று டீக்கடையில் வாதிடுவது வேறு. வரும் பையனை "நீ எங்கள் கணக்கில் இல்லை" என்று சொல்வது வேறு. சங்க விதியில் உறுப்பினர் தகுதி ஓய்வூதியத்தோடு கட்டப்பட்டிருப்பதை இப்போதே திருத்திவிடுங்கள். கைப்பேசி தெரிந்த, வண்டி ஓட்டத் தெரிந்த, கட்டுப்பாடு பழகிய தொண்டர்கள் நமக்கு அங்கிருந்துதான் கிடைப்பார்கள்.

உங்கள் திட்டத்தில் விழாவுக்கு ஒதுக்கிய தொகையில் பாதியை ஆண்டு முழுவதற்குமான தொண்டர் செலவுக்கு மாற்றித் திரும்ப எழுதி அனுப்புங்கள். செயற்குழுவில் நான் வழிமொழிகிறேன். அதற்கு முன்பாக, மன்னார்குடி, நீடாமங்கலம் வட்டாரத்தில் 78 வயதைத் தாண்டிய பெண்களின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதத் தொடங்குங்கள். கும்பகோணம், பாபநாசம் பக்கத்துப் பெயர்களை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய பென்ஷன் ஆணைகளைப் படித்துச் சொல்ல வேண்டுமென்றால் நகலை அனுப்புங்கள், அந்தக் கிளார்க் எழுத்து எனக்குப் பழக்கம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஹவில்தார் கிளார்க்,
கும்பகோணம்