வேதியியல் கல்வி ஆய்வாளரையும் அறிமுகம் செய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் பல்கலைக்கழக வேதியியலாளர்களின் நேர்காணல்களை விரும்பிப் படித்து வருகிறேன். புதிய மருந்துக்கும் மின்கலத்துக்கும் உழைப்பவர்களோடு, மாணவர்கள் வேதியியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதையே தம் ஆய்வாகக் கொண்டவர்களுக்கும் அப்பக்கத்தில் இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவர்களைப் பாடம் நடத்தப் பயிற்சி தருபவர்கள் என்று மட்டும் நினைப்பவர்கள் வேதியியல் துறைகளுக்குள்ளேயே இருக்கிறார்கள். அது சரியான கணிப்பன்று. மாணவரின் தவறான விடைதான் இவர்களுடைய ஆய்வுப்பொருள். கொதிக்கும் நீரில் எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒருவர் காற்று என்பார், இன்னொருவர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்பார். நீராவி என்று திருத்திவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். ஆய்வாளரோ வெற்றுத்தாளைக் கொடுத்து, குமிழிக்குள் இருக்கும் துகள்களை வரையச் சொல்லி, வரைந்துகொண்டே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லவும் வைத்து, அந்தப் பேச்சைப் பதிவு செய்து வரி வரியாகப் பகுத்துப் பார்க்கிறார். இரண்டாவது விடையைச் சொன்னவருக்குப் பெரும்பாலும் நீரின் வாய்பாடு தெரிந்தே இருக்கும். கொதிக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றனவே தவிர உடைவதில்லை என்பதுதான் பிடிபட்டிருக்காது.

கண்ணுக்குத் தெரியும் மாற்றம், தெரியாத மூலக்கூறுகள், குறியீடுகள் என்ற மூன்று தளங்களையும் ஒரே நேரத்தில் மாணவர் தலையில் ஏற்றுவதே வேதியியலைக் கடினமாக்குகிறது என்று விளக்கியவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன். இம்மூன்றையும் மூலைகளாகக் கொண்டு 1991-இல் அவர் முன்வைத்த முக்கோணத்தைத் தொடாமல் இத்துறையில் பேசுவது அரிது. அதற்கு முன்பே, 1987-இல் நர்ரன்பெர்ன், பிக்கரிங் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், வாயு விதிக் கணக்குகளைச் சரியாகப் போட்ட மாணவர்கள் பலர், கலனுக்குள் வாயு மூலக்கூறுகள் எப்படிப் பரவியிருக்கும் என்பதைக் காட்டும் படத்தைத் தேர்ந்தெடுக்கத் தடுமாறினர். மதிப்பெண்ணை மட்டும் நம்புகிறவர்களுக்கு இது சங்கடமான முடிவுதான்.

ஆகவே, அத்தகைய ஒருவரை நேர்காணும்போது, பெற்ற விருதுகளையும் கட்டுரைகளின் எண்ணிக்கையையும் சுருக்கமாக முடித்துக்கொண்டு, எந்த மாணவரின் எந்த விடை அவருடைய பாடத்திட்டத்தையே மாற்ற வைத்தது என்று தங்கள் செய்தியாளர் கேட்க வேண்டும். மாணவரின் ஒப்புதலோடு, பெயர் குறிப்பிடாமல், அவர் வரைந்த படம் ஒன்றையும் உடன் வெளியிட்டால் ஆசிரியர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்