கழுத்தில் கட்டி இல்லாமலும் வரும் லிம்போமா

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் பற்றி வெளிவந்த கட்டுரை பயனுள்ளது. ஆயினும் கழுத்திலும் அக்குளிலும் தோன்றும் கட்டியை மட்டுமே அது அறிகுறியாகக் கூறியிருந்தது. பி வகை வெண்குருதிக் கலங்களில் உருவாகி வேகமாக வளரும் லிம்போமா, ஏறத்தாழ மூன்றில் ஒரு நோயாளிக்கு நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே, இரைப்பை, குடல், மூளை, எலும்பு, விதை, மார்பகம் போன்ற உறுப்புகளிலேயே தொடங்குகிறது. அவற்றுள் இரைப்பையும் குடலுமே முன்னிற்கின்றன.

என் மைத்துனர் வயிற்றெரிவு என்று சொல்லி, வெள்ளவத்தையில் பாமசிக்குப் பாமசி குளிசை வாங்கி விழுங்கியே மாதக்கணக்கில் காலத்தைக் கடத்தினார். காற்சட்டை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்த பின்னரே, கமரா பொருத்திய குழாயால் இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்குச் சம்மதித்தார். அதன் பிறகே இந்த நோய் தெரியவந்தது. கழுத்தில் ஒரு சிறு கழலைகூட அவருக்கு இருக்கவில்லை.

ஆண்கள் வெட்கத்தால் மறைக்கும் ஒன்றையும் இங்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 60 வயதைக் கடந்தவர்களின் விதையில் தோன்றும் புற்றுநோய்களில் லிம்போமாவே அதிகம். பெரும்பாலும் வலியின்றி வீங்குவதால் மனைவியிடம்கூடச் சொல்லாமல் நாட்களைப் போக்கிவிடுகிறார்கள். இந்த வகை, ஆண்டுகள் கழிந்தும் மூளையிலோ மற்ற விதையிலோ திரும்பி வரக்கூடியது என்பதால், அதற்கான சிகிச்சையும் தொடக்கத்திலேயே வேறு விதமாகத் திட்டமிடப்படுகிறது.

மூளையில் தோன்றும் லிம்போமாவில் இன்னொரு சிக்கல் உண்டு. ஸ்டீரோயிட் மருந்து கொடுத்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, பின்னர் எடுக்கும் பயொப்சியில் (இழையப் பரிசோதனையில்) நோய் பிடிபடாமலே போகலாம். ஆகவே உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாவிடின், முதலில் இழையத்தை எடுத்துப் பரிசோதிப்பதே முறை.

புற்றுநோய் வைத்தியசாலை உள்ள மஹரகம என்ற பெயரைக் கேட்டதுமே எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்மவர்கள் நினைக்கும் நிலை இன்னும் மாறவில்லை. இந்த நோயோ வேகமாக வளர்வது போலவே மருந்துக்கும் நன்கு மசியக்கூடியது. பி வகைக் கலங்களைக் குறிவைத்துத் தாக்கும் ரிட்டுக்சிமாப் மருந்துடன் சேர்த்து 21 நாட்களுக்கு ஒருமுறை, வழமையாக 6 தடவைகள் வழங்கப்படும் கீமோதெரப்பியால் பாதிக்கும் மேற்பட்டோர் முழுமையாகக் குணமடைகின்றனர். மூளையில் தொடங்கும் நோய்க்கு மட்டும் வேறு மருந்துகள் தேவை. ரிட்டுக்சிமாப் ஏற்றுவதற்கு முன் ஹெப்பட்டைட்டிஸ் பி இரத்தப் பரிசோதனை அவசியம். உடலில் ஒடுங்கியிருக்கும் அந்த வைரசை இம்மருந்து மீண்டும் கிளப்பிவிடலாம்.

இவை குறித்துப் புற்றுநோய் வைத்திய நிபுணர் ஒருவரிடம் தமிழில் விரிவான கட்டுரையொன்றை எழுதுவித்து, அதே பக்கத்தில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.