குறி மாறிய காரணிகளும் கால்குலேட்டர் உபதேசமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"கால்குலேட்டர் நொடியில் தந்துவிடும் காரணிகளைத் தேடி மாணவர்கள் தாளை நிரப்புவது வீண் வேலை" என்று சென்ற வாரக் கல்வி இணைப்பிதழில் தங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை என்பது தாங்கள் அறியாததன்று. அவரிடமும் யாரேனும் சொல்லியிருக்கலாம்.

அதே பக்கத்தின் அடியில் மாதிரி வினாத்தாளுக்கான விடை. கோவை முப்படி: எக்ஸ்³ + 13எக்ஸ்² + 32எக்ஸ் + 20. அதன் கெழுக்கள், அதாவது அதிலுள்ள எண்கள், வரிசையாக 1, 13, 32, 20. காரணிகள் (எக்ஸ் − 1), (எக்ஸ் − 2), (எக்ஸ் − 10) என்று அச்சாகியிருக்கிறது. கெழுக்கள் அனைத்தும் மிகை எண்களாக இருக்கையில் எக்ஸுக்கு எந்த மிகை மதிப்பைக் கொடுத்தாலும் கோவை பூச்சியமாகாது என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பேனா மூடியைத் திறக்கும் முன்பே சொல்லிவிடும். கோவையைப் பூச்சியமாக்கும் எக்ஸ் மதிப்புகளாகக் கால்குலேட்டர் −1, −2, −10 என்று காட்டியிருக்கும். காரணியாக எழுதும்போது குறி மாற வேண்டும் என்பதை மறந்து, கண்டதைக் கண்டபடி இறக்கி வைத்துவிட்டார்கள் போலும். நொடியில் கிடைத்த விடையின் இலட்சணம் இது.

அரசு உயர்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் கணிதம் நடத்தியவன் நான். வாய்ப்பாடே தடுமாறிய மாணவி ஒருத்தி, இத்தகைய கணக்கைக் கரும்பலகையில் நான் எழுதி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து "மைனஸ் ஒண்ணு சார்" என்பாள். முதல் கெழுவையும் மூன்றாவதையும் கூட்டினால் 33, மற்ற இரண்டையும் கூட்டினாலும் 33. எனவே (எக்ஸ் + 1) ஒரு காரணி என்று அவள் விரல் மடக்கியே கண்டுவிடுவாள். பிறகு ருஃபினி என்ற இத்தாலியர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிய தொகுமுறை வகுத்தல்: 1-ஐ இறக்கி, −1-ஆல் பெருக்கி, அடுத்ததோடு கூட்டிக்கொண்டே போனால் 1, 12, 20 நிற்கும், மீதி பூச்சியம். பெருக்கினால் 20, கூட்டினால் 12 வரும் எண்கள் 2-உம் 10-உம்; எனவே மற்ற காரணிகள் (எக்ஸ் + 2), (எக்ஸ் + 10). நான்கு வரிகூட ஆகாத இந்த வேலைக்குத்தான் தாள் நிரம்புகிறதாம்.

இது முதல் முறையும் அன்று. ஈராண்டுகளுக்கு முன் காரணித் தேற்றம் பற்றி நான் அனுப்பிய குறிப்பைப் பாதியாக வெட்டி, இருந்த ஒரே கழித்தல் குறியையும் விட்டுவிட்டு, என் பெயரோடு வெளியிட்டீர்கள். என் பழைய மாணவர்கள் தொலைபேசியில் துக்கம் விசாரித்தார்கள். திருத்தம் கேட்டபோது இடமில்லை என்றார்கள். அந்த வாரமும் ராசிபலன் முழுப் பக்கம் வந்தது. பிறகு கணிதப் புதிர்ப் பகுதியையும் அறிவிப்பின்றி நிறுத்தினீர்கள். அதற்கு நான் எழுதிய மூன்று கடிதங்களும் தங்கள் பார்வைக்கு வந்திருக்கும் என்றே இன்னமும் நம்புகிறேன்.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்த விடையை வெட்டி நோட்டில் ஒட்டியிருப்பார்கள். ஆகவே, அடுத்த இணைப்பிதழில் மூன்று கழித்தல் குறிகளையும் கூட்டல் குறிகளாக்கி ஒரு வரித் திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். இந்தக் கடிதத்துக்கு இடமில்லையென்றால் பாதகமில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்.