படிக்கப் போகும் சிஸ்டரின் நைட் டூட்டியை யார் பார்ப்பது?

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். திருநெல்வேலிச் சீமையின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் (பி.எச்.சி.) 26 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள், பிரசவம் பார்க்கத் தனிப் பயிற்சிக்குப் போகும் நர்ஸ்களுக்காக எழுதுகிறேன்.

நர்சிங் படிக்கையில் என் பதிவேட்டில் 20 பிரசவம் இருந்தது. அதில் பாதி, டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. தொழிலை எனக்குக் கற்றுத்தந்தவர் களக்காட்டுப் பக்கம் எங்களோடு வேலை பார்த்த ஒரு ஆயா. தலைமுறையாக மருத்துவச்சி வீடு. "படுக்கப் போட்டா பிள்ளை எப்படி இறங்கும் சிஸ்டரம்மா? நடக்க விடுங்க" என்பார். நடக்க விடு, நிமிர்ந்த நிலையில் இருக்க விடு என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. ஊர் இந்த மருத்துவச்சிகளுக்குக் களத்துமேட்டில் நெல் அளந்தது, திண்ணையோடு நிறுத்தியும் வைத்தது. மருத்துவச்சி என்ற சொல்லைச் சொல்லவே நம் அலுவலகங்கள் இன்றும் கூச்சப்படுவதற்கு அந்தச் சாதிக் கணக்குதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதே 2018இல் ஒன்றிய அரசு மிட்வைஃபரி (மருத்துவச்சிப் பணி) வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. லேபர் ரூம் அனுபவமுள்ள நர்ஸுக்கு ஒன்றரை வருஷம் தனிப் பயிற்சி. முடித்தவர் சிக்கலில்லாத பிரசவத்தைத் தன் பொறுப்பில் பார்ப்பார், சிக்கல் தெரிந்தால் டாக்டரிடம் சேர்ப்பார். நல்ல திட்டம். பணம் எதற்கு ஒதுக்கப்படுகிறது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

நம் கண்ணுக்குக் கட்டடம்தான் முதலில் தெரிகிறது. 2023இல் ஒன்றிய அமைச்சரவை 157 நர்சிங் கல்லூரிகளுக்கு 1,570 கோடி ரூபாய் ஒப்புக்கொண்டது. 2014க்குப் பிறகு வந்த மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்துத்தான் அவை. பாளையங்கோட்டையில் நம் மருத்துவக் கல்லூரி 1965இல் வந்தது. பழசாகிப் போனதே குற்றம். தென்காசிக்கு அரசு மருத்துவக் கல்லூரியே இல்லை. பட்டியலில் நமக்குப் பக்கத்து ஊர் விருதுநகர். போகட்டும், நான் கேட்பது கட்டடம் இல்லை.

ஒரு பி.எச்.சி.யில் மூன்று நர்ஸ்கள் ஷிப்ட் மாற்றி ஓட்டுகிறார்கள். ஒருத்தியைப் படிக்க அனுப்பினால் அவளுடைய நைட் டூட்டி மற்ற இருவர் தலையில். அந்த இருவரும் லீவு கேட்டால் மெடிக்கல் ஆபீசர் முதலில் செய்வது படிக்கப் போனவளைத் திருப்பிக் கூப்பிடுவதுதான். அதனால் முதல் ரூபாய் மாற்று ஆளுக்கு வேண்டும், அதுவும் முழுச் சம்பளத்தில். தொகுப்பூதியத்தில் அமர்த்தினால் வேறு வேலை கிடைத்ததும் கிளம்பிவிடுவாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இரண்டாவது, சொல்லிக்கொடுக்கிறவருக்கு. கையைப் பிடித்து, பார்ட்டோகிராஃபை (பிரசவம் எப்படி நகர்கிறது என்று காட்டும் வரைபடம்) வரையவைத்து, "இந்த இடத்தில் காத்திரு, இந்த இடத்தில் காத்திருக்காதே" என்று பக்கத்தில் நிற்கும் ஆள் வேண்டும்.

அது இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. ராத்திரி 2 மணி, தலைப்பிரசவம், நான் ஒருத்தி. குழந்தையின் இதயத்துடிப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பயம். ரெஃபர் எழுதி 108இல் ஏற்றினேன். மூன்றடைப்பு ஊரைத் தாண்டுவதற்குள் வண்டியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம். மறுநாள் அவளுடைய மாமியார் வந்து, "கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா" என்றார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இந்தப் பயம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி வரை போகிறது. சுகப்பிரசவம் ஆக வேண்டியவர்களும் அங்கேதான் குவிகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிள்ளைகள் ஆபரேஷனில் பிறந்தவர்கள். முந்தைய கணக்கெடுப்பில் 34. 2019-21இல் தனியாரில் 64, அரசிலேயே 36. ஆபரேஷன் தப்பு என்று சொல்ல வரவில்லை, என் மகளைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் பாதிப் பேருக்கா வேண்டியிருக்கும்?

பி.எச்.சி.யில் பிரசவம் குறையக் குறைய, படிக்க வருகிறவர்களுக்குக் கை பழகவும் வழியில்லை. ஆகவே பயிற்சிக் காலத்தில் பாதியையாவது அம்பாசமுத்திரம், நாங்குநேரி மாதிரி ஊர்களின் அரசு ஆஸ்பத்திரிகளில் வையுங்கள், சிக்கலில்லாத பிரசவங்களைப் பயிற்சியாளர் மேற்பார்வையில் அவர்களுக்கே விடுங்கள். காரையாறு அணையைப் படகில் தாண்டி வர வேண்டிய இஞ்சிக்குழிக் காணிப் பழங்குடிப் பெண்ணுக்கு அம்பாசமுத்திரமே தொலைதூரம். பாளையங்கோட்டைக் கணக்கு அவளுக்கு ஆகாது.

இன்னொன்று. படித்து வந்தவளைக் காய்ச்சல் வார்டுக்கும் தடுப்பூசி முகாமுக்கும் மாற்றிப் போடாதீர்கள். லேபர் ரூமிலேயே இருத்துங்கள், அதற்கென்று ஒரு பதவியும் சம்பள விகிதமும் கொடுங்கள். இப்போதைய நிலையில் ஒன்றரை வருஷம் படித்தவளுக்கும் படிக்காதவளுக்கும் ஒரே சம்பளம் என்றால் பிள்ளைகுட்டிக்காரி யாரும் விடுதிப் பெட்டியைத் தூக்க மாட்டாள்.

வருகிற பட்ஜெட்டில் மாற்று ஆளுக்கான தொகை தனித் தலைப்பில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பயிற்சிக்கு ஆயா ஒருத்தரையும் கூப்பிட்டு உட்கார வைப்பதாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். எங்கள் ஆயா இருக்கிறார், கண்தான் கொஞ்சம் மங்கல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருத்தி,
களக்காட்டுப் பக்கம்