தண்டவாளம் போன பாதை

பிரிஸ்டல், இங்கிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதுவது. இங்கே மூவரும் நலம். குளிர் இன்னும் விடவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியும் வத்தலும் இருக்கும்வரை எனக்கு அது பெரிதாகத் தெரியாது. சனிக்கிழமை காலையில் எங்கே போகிறாய் என்று போனில் கேட்டீர்கள். பழைய ரயில் லைன் ஒன்றைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், அதைப் பராமரிக்கும் குழுவோடுதான் போகிறேன். ரயில்வேயில் லைனைப் பார்த்துக்கொண்டு நடந்தே சர்வீஸ் முடித்தவர் நீங்கள், உங்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிரிஸ்டலுக்கும் பாத் என்ற ஊருக்கும் நடுவில் மிட்லண்ட் ரயில்வேயின் பழைய லைன் ஒன்று இருந்தது. பாத் வரை 1869-ல் வண்டி வந்தது. 1963-ல் இங்கத்திய ரயில்வே போர்டு தலைவர் பீச்சிங், நஷ்டத்தில் ஓடும் லைன்களை மூடலாம் என்று அறிக்கை கொடுத்தார். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான மைல் போயிற்று. இந்த லைனில் 1966-ல் பாசஞ்சர் வண்டி நின்றது. அப்புறம் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜல்லி, பாலங்கள், ஒரு சுரங்கம், எல்லாவற்றையும் மூடிக்கொண்டு முள். அவ்வளவுதான் மிச்சம்.

1977-ல் ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சேர்ந்து 'சைக்கிள்பேக்' என்று ஒரு குழு அமைத்தார்கள். ஜான் கிரிம்ஷா என்ற சிவில் இன்ஜினியர் முன்னால் நின்றார். அந்த லைன் போன தடத்திலேயே சைக்கிள் பாதை போடுவதுதான் வேலை. 1979-ல் பாத் பக்கத்திலிருந்து, வழியில் இருக்கும் பிட்டன் என்ற ஊர் வரை முதல் துண்டு. கூலி வாங்காமல் வந்தவர்கள் மண்வெட்டி பிடித்துப் போட்டது. 1986-ல் 21 கிலோமீட்டரும் முடிந்தது. அந்தக் குழுதான் பிறகு சஸ்ட்ரான்ஸ் என்ற பெயரில் நாடு முழுக்க சைக்கிள் பாதைகள் போட்டது.

ரயில் பெரிய ஏற்றம் ஏறாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரிஸ்டல் ஒரே மேடும் பள்ளமும். கடைக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்கும். இந்தப் பாதையில் மட்டும் வாங்காது. அன்றைக்கு மலையை வெட்டி, பள்ளத்தில் கரை போட்டு, மட்டம் பார்த்து வைத்தவர்களின் உழைப்பில் இன்றைக்குச் சக்கர நாற்காலியில் வருகிறவர்கூட நிம்மதியாகப் போகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்களோடு தண்டவாள வேலை பார்த்த கேங் ஆட்கள் ஞாபகம்தான். பிட்டன் ஸ்டேஷனில் இன்னொரு கூட்டம் பாதையை ஒட்டியே திரும்பத் தண்டவாளம் போட்டு நீராவி இன்ஜின் ஓட்டுகிறது. அவர்களும் தொண்டர்கள்தான். நீங்கள் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

நான் போகும் குழுவுக்குப் பராமரிப்பு வேலை. முக்கால்வாசி முள் வெட்டுவது. பிளாக்பெர்ரிக் கொடி விரல் தடிமனில் வளைந்து வந்து, நுனி மண்ணில் பட்ட இடத்திலேயே வேர் விட்டுவிடுகிறது. வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையைக் கிளறி எடுக்க வேண்டும். தோல் கையுறைக்குள்ளும் முள் ஏறும். பிப்ரவரிக்குள் முடித்தாக வேண்டும். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம், புதரில் கை வைப்பதில்லை. எங்களோடு வரும் ஒரு பாட்டி, எழுபதைத் தாண்டியவர், பிட்டன் பக்கம் அந்த முதல் துண்டிலேயே கல் அள்ளிப் போட்டவர். இன்றைக்கும் எனக்கு முன்னால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடக்கிறார். 2008-ல் இந்தப் பாதையில் பஸ் விடலாம் என்று ஒரு திட்டம் வந்ததாம். ஜனங்கள் திரண்டு எதிர்த்ததில் அது கைவிடப்பட்டது. அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் குரல் இன்னும் உயர்கிறது.

நம் பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் 2004-ல் போனபோது நீங்கள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அங்கே அகல லைன் வந்துவிட்டது, அதே வழியில் ஜனங்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அம்மா சின்ன வயதில் போன மயிலாடுதுறை–தரங்கம்பாடி லைனை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. இங்கே பாதை முடிந்த அதே 1986-ல் அங்கே ரயில் நின்றது. ரயிலையே திரும்ப விடுங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்பது நியாயம். ரயில் வர முடிந்தால் அதுதான் முதலில் வர வேண்டும். வரும்வரைக்காவது அந்த நிலம் துண்டு துண்டாகிப் போகாமல், மரம் வைத்து நடைபாதையாக இருக்கலாமே. ஒரு இடத்தில் அறுந்தாலும் மறுபடி சேர்ப்பது லேசில்லை. லைன் வேலை பார்த்த உங்களுக்கு இது தெரியும்.

இப்போது உங்களிடம் ஒரு உதவி. நாங்கள் வேலை செய்யும் இடம் மேட்டை வெட்டிப் பாதை போன கட்டிங், அதில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தேங்குகிறது. ஓரக் கால்வாயில் இலை எல்லாம் வாரிவிட்டோம், நாலு நாளில் திரும்ப நிற்கிறது. கரைச் சரிவிலிருந்தும் மண் இறங்குகிறது. பல்லாவரம் பக்கம் மழைக்காலத்தில் நீங்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள்? மேலேயே ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுவீர்கள் என்று சொன்ன ஞாபகம். கால்வாய்க்கு எவ்வளவு வாட்டம் கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் படம் வரைந்து, தம்பியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். குழுவில் காட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முழங்காலுக்குத் தைலம் தேய்க்க மறக்காதீர்கள். அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்,
செல்வி